எடையை இறக்கும்போதும் கனம் இருக்க வேண்டும்: கோவைப் பட்டறையில் செய்து வாங்கிய உடற்பயிற்சி இயந்திரம்

திருவான்மியூரில் எங்கள் ஃபிளாட்டின் உள்ளறை பத்துக்குப் பத்து. ஒரு கட்டில், ஒரு பீரோ, அம்மாவின் தையல் மெஷின் போக மிச்சம் இருப்பது ஒரு சுவர் மூலை மட்டும்தான். அந்த மூலையில் நிற்கிற மாதிரி, கேபிளை இழுத்துப் பயிற்சி செய்யும் எடை இயந்திரம் ஒன்றை கோவை கணபதியில் ஒரு சிறிய பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினேன். இப்போது நானும் அம்மாவும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். பட்டறையின் பெயரைப் போடவில்லை. உரிமையாளரும் இரண்டு ஆட்களும் மட்டுமே வேலை செய்யும் இடம் அது. நீங்கள் வேறு எங்கே வாங்கினாலும் எதைக் கவனித்து வாங்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் கிண்டி தொழிற்பேட்டையில் ஜிக், ஃபிக்ஸர் (பட்டறை வேலையில் பொருளை அசையாமல் பிடிக்கும் கருவிகள்) வரைபவள். அதனால் இரும்பு, போல்ட், பேரிங் விஷயம் கொஞ்சம் நீளமாகவே வரும்.

முதலில் பொருள். ஒரே தூண், அதன் பின்னால் எடைத் தகடுகள். உயரம் 205 செ.மீ., தரையில் பிடிக்கும் இடம் 60க்கு 45 செ.மீ. ஒரு தகடு 5 கிலோ, மொத்தம் 12 தகடு, அதாவது 60 கிலோ. கேபிள் ஒரு நகரும் கப்பி வழியாகப் போவதால் கைக்கு வருவது அதில் பாதி, 30 கிலோ. கைப்பிடி வெளியே வரும் இடத்தைத் தூணில் மேலும் கீழும் நகர்த்திக்கொள்ளலாம். மேலே வைத்தால் முதுகுக்கு இழுக்கலாம், நடுவில் வைத்தால் மார்புக்குத் தள்ளலாம், கீழே வைத்தால் கைமடக்கு, தோள்தூக்கு எல்லாம் செய்யலாம். விலை 38,000 ரூபாய். லாரி வாடகையும் மாடி ஏற்றும் கூலியும் தனி.

இவ்வளவு சின்ன இடத்தில் 60 கிலோ எப்படி அடங்குகிறது? தகடு வார்ப்பிரும்பு. 29 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம், பெருக்கிப் பார்த்தால் 696 கன செ.மீ. வார்ப்பிரும்பின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 7.2 கிராம் என்பதால் சரியாக 5 கிலோ. பன்னிரண்டையும் அடுக்கினால் 24 செ.மீ. உயரம்தான். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வீட்டு ஜிம்களில் பலவற்றில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் சிமென்ட் நிரப்பிய தகடு இருக்கும். சிமென்ட் கலவையின் அடர்த்தி 2.3 பக்கம் என்பதால் அதே 5 கிலோவுக்கு மூன்று மடங்கு தடிமனான தகடு வேண்டும். பன்னிரண்டு தகடு முக்கால் மீட்டரைத் தின்றுவிடும். அப்புறம் தகடு ஏறுவதற்கு உயரம் எங்கே? அதனால்தான் அந்த இயந்திரங்களில் எடையும் குறைவு, கை போகும் தூரமும் குறைவு. பம்பும் வார்ப்பாலையும் நிறைந்த கோவையில் செய்யச் சொன்னதன் லாபம் இதுதான். ஒரு தகட்டுக்கும் இன்னொன்றுக்கும் 50 கிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லை. எல்லாவற்றையும் தராசில் வைத்துப் பார்த்தேன்.

இப்போது முக்கியமான குறைக்கு வருகிறேன். இயந்திரம் வந்த முதல் வாரத்திலேயே அதைக் கண்டுபிடித்தவர் அம்மா. வயது 68, உயரம் நான்கு அடி பத்து அங்குலம், வாழ்நாளில் ஜிம் பக்கம் போனதில்லை. கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு, “ஏத்தும்போது கனமா இருக்குடி, இறக்கும்போது ஒண்ணுமே தெரியல” என்றார். நான் இழுத்தபோதும் அப்படித்தான் இருந்தது.

பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வீட்டில் உண்டு. அதைக் கைப்பிடிக்குப் பதிலாக மாட்டினேன். எத்தனை தகடு ஏற வேண்டும் என்று தீர்மானிக்கும் பின்னை எட்டாவது தகட்டில் செருகினால் 40 கிலோ. பாதி என்றால் கையில் 20 வர வேண்டும். மெதுவாக இழுக்கும்போது தராசு காட்டியது 24.5. அதே வேகத்தில் விடும்போது 15.5. கப்பிகளும், தகடுகள் வழுக்கி ஏறி இறங்கும் கம்பிகளான கைடு ராடுகளும் உரசுவதால் வரும் வித்தியாசம் இது. ஏற்றும்போது உராய்வு நமக்கு எதிராக நிற்கிறது, இறக்கும்போது அதுவே நமக்குப் பதிலாக எடையைத் தாங்கிக்கொள்கிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 9 கிலோ இடைவெளி.

இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தசைக்கு எடையை ஏற்றும்போது இருக்கும் பலத்தைவிட, நீண்டுகொண்டே தாங்கி இறக்கும்போது பலம் அதிகம். ஆக, கூடுதல் பாரம் வேண்டிய இடத்தில்தான் இயந்திரம் குறைவாகக் கொடுக்கிறது. அதோடு வயதானவர்களுக்கு அன்றாடம் வேண்டியதும் இந்த இறக்கும் பலம்தான். நாற்காலியில் தொப்பென்று விழாமல் உட்காருவது, படி இறங்குவது, மேல் அலமாரியிலிருந்து அரிசி டப்பாவைக் கீழே வைப்பது எல்லாமே தசை நீண்டுகொண்டே தாங்கும் வேலை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி பெரியவர்கள் எல்லோருக்கும் வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலையோடு சேர்ந்த பலப் பயிற்சி வேண்டும் என்றும் அது சொல்கிறது. அம்மாவுக்காகத்தான் இதை வாங்கினேன். இறக்கும்போது கனம் இல்லாத இயந்திரம் அம்மாவுக்குப் பாதிப் பயன்தான் தரும்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. கேபிள் 5 மி.மீ., மேலே நைலான் உறை. அது ஐந்து கப்பிகளைச் சுற்றிப் போகிறது. ஐந்தும் 60 மி.மீ. விட்டம், நடுவில் பேரிங் இல்லை; நைலானில் துளை போட்டு நேராக எம்10 (10 மி.மீ.) போல்ட்டில் மாட்டியிருந்தார்கள். இதில் இரண்டு தொல்லை. ஒன்று, துளை போல்ட்டோடு உரசுகிறது. கப்பி சின்னதாக இருக்க இருக்க அந்த உரசலை எதிர்த்துச் சுழற்ற நெம்புகோல் நீளமும் குறைவு. இரண்டு, 5 மி.மீ. கேபிளை 60 மி.மீ. கப்பியில் வளைப்பது பன்னிரண்டு மடங்குதான். கேபிளுக்குள் இருக்கும் கம்பி இழைகள் ஒவ்வொரு வளைவிலும் ஒன்றோடொன்று தேய்ந்து நாளடைவில் அறும். இதைப் போன்ற கம்பிக் கயிற்றுக்குக் கப்பி விட்டம் பதினெட்டு மடங்காவது இருப்பது நல்லது. மேல் கப்பி இருக்கும் இடத்தில் உறை ஏற்கெனவே வெள்ளையாக வரி விட ஆரம்பித்திருந்தது.

படம் வரைந்து பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 90 மி.மீ. விட்டக் கப்பி, நடுவில் 6000 எண் பேரிங். அதன் உள்விட்டம் 10 மி.மீ. என்பதால் பழைய போல்ட்டே போதும். வெளிவிட்டம் 26, அகலம் 8. கப்பியைத் தாங்கும் பிராக்கெட் தகடு ஒரு பக்கம் மட்டும் இருந்தது, அதை இரண்டு பக்கமும் பிடிக்கிற யு வடிவமாக மாற்றச் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் பாரம் ஏறும்போது போல்ட் லேசாகச் சாய்ந்து, கேபிள் கப்பியின் விளிம்பில் ஏறி உரசும்.

பட்டறைக்காரர் உடனே போன் செய்தார். “மேடம், கப்பி பெருசானா தூணுக்குள்ள போகாதுங்க. மேல் மூடியை ஒரு மூணு இஞ்சு வெளிய தள்ளோணும். பரவாயில்லீங்களா?” என்று கேட்டார். தள்ளுங்கள் என்றேன். லேத்தில் கப்பி கடைந்து, பேரிங் ஏற்றி, அது கழன்று வராமல் பிடிக்கும் சர்க்கிளிப் வளையம் போட்டு, புது மேல் மூடியோடு பார்சலில் அனுப்பினார். கப்பிக்கும் பேரிங்குக்கும் மட்டும் காசு வாங்கினார். மூடியும் பிராக்கெட்டும் அவர் பொறுப்பு. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தப் பட்டறை மேல் எனக்கு மரியாதை. படத்தில் ஒரு அளவு பிசகாமல் செய்திருந்தார், செய்ய முடியாத இடத்தை முன்கூட்டியே சொல்லவும் செய்தார்.

கப்பியை மாற்றிய பிறகும் ஏதோ பிடிக்கிற மாதிரி இருந்தது. தகடுகள் ஏறி இறங்கும் இரண்டு கைடு ராடுகளுக்கும் நடுவே வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால், அடியிலும் உச்சியிலும் 1.5 மி.மீ. வித்தியாசம். இதற்குப் பட்டறை வேண்டியதில்லை, வீட்டிலேயே செய்யலாம். உச்சியில் ராடைப் பிடிக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல் தகட்டை உச்சிவரை தூக்கி அங்கேயே கட்டி நிறுத்தி, அந்த நிலையில் போல்ட்டை முறுக்க வேண்டும். தகட்டின் துளைகளே இரண்டு ராடுகளையும் சரியான தூரத்தில் நிறுத்திவிடும். அப்புறம் ராடில் சிலிகான் ஸ்பிரே. கிரீஸ் பூசாதீர்கள், தூசியைப் பிடித்து வைத்து இன்னும் இறுக்கும்.

இதெல்லாம் முடிந்து மறுபடி தராசை மாட்டினேன். அதே 40 கிலோ. ஏற்றும்போது 21.5, இறக்கும்போது 18.5. ஒன்பது கிலோ இடைவெளி மூன்றாகிவிட்டது. கையில் வரும் வித்தியாசம் எழுத்தில் சொல்ல முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது. எடை உங்களை விட்டு எங்கும் போகாமல் முழு நேரமும் கூடவே வரும். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் அந்தக் கொக்கித் தராசைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்டிக்கரில் எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறது என்பதைவிட, இழுக்கும்போது எவ்வளவு, விடும்போது எவ்வளவு என்பதுதான் அந்த இயந்திரத்தின் தரம்.

எடை பாதியாகும் அமைப்பைப் பற்றிச் சிலர் கேட்டார்கள்: 60 கிலோ வாங்கி 30தான் கிடைக்கிறதென்றால் நஷ்டம்தானே? சின்ன அறைக்கு இது லாபம் என்பேன். கை 2 மீட்டர் போனால் தகடு 1 மீட்டர்தான் ஏறும். தூண் குட்டையாக இருக்கலாம். ஒரு தகடு கூட்டினால் கையில் இரண்டரை கிலோதான் கூடும். இன்னொன்று, கையில் அதே 20 கிலோ என்றாலும், நேரடியாக 20 கிலோவைத் தூக்கும் இயந்திரத்தைவிட இதில் வேகம் பிடிக்கும்போது வரும் உதறல் பாதிதான். தகடு பாதி வேகத்தில் நகர்வதுதான் காரணம். அம்மாவின் தோளுக்கு அந்த மென்மை மிகவும் தேவைப்பட்டது.

கால்களுக்கு மட்டும் இது போதாது, அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நல்ல பயிற்சியில் இருக்கும் ஆளுக்கு 30 கிலோ கால் தசைக்கு விளையாட்டு. ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழும்போது கையில் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கனமாகத் தூக்கும் ஆசை உள்ளவர்கள் பார்பெல்லும் ரேக்கும் வாங்குவதே சரி.

கைப்பிடி வரும் இடத்தை நகர்த்தும் வண்டி முதலில் கனமாக இருந்தது. ஸ்பிரிங் பின்னை ஒரு கையால் இழுத்துக்கொண்டு மறு கையால் வண்டியைத் தூக்க அம்மாவால் முடியவில்லை. துளைகளும் 10 செ.மீ.க்கு ஒன்று என்பதால், அம்மா உயரத்துக்கு ஒன்று தாழ்வாகவும் அடுத்தது உயரமாகவும் அமைந்தது. கப்பி பார்சலோடு வண்டிக்கு நான்கு நைலான் உருளைகளும் வந்தன. இப்போது ஒரே கையால் தள்ளலாம். துளை விஷயத்தை என் தூணில் மாற்ற முடியாது. ஆனால் பட்டறைக்காரர் இப்போது செய்யும் தூண்களில் 5 செ.மீ.க்கு ஒரு துளை போடுகிறார். வாங்கும் முன் வீட்டிலேயே உயரம் குறைந்தவரை நிற்கவைத்துப் பாருங்கள். பெரும்பாலான இயந்திரங்கள் ஐந்தரை அடி ஆணை மனதில் வைத்தே வரையப்படுகின்றன.

இரும்புச் சட்டத்துக்கு அவர் முதலில் சொன்னது 50க்கு 50 மி.மீ., 2 மி.மீ. தடிமனுள்ள சதுரக் குழாய். நான் தூணுக்கு மட்டும் 60க்கு 60, 3 மி.மீ. கேட்டேன். மீட்டருக்கு 3 கிலோ இருந்தது 5.4 கிலோ ஆகிறது. ஆனால் வளைவதை எதிர்க்கும் பலம் இரண்டரை மடங்கு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, இழுக்கும்போது தூண் ஆடுவதில்லை.

சுவரில் மாட்டுவதைப் பற்றி எல்லோரும் அலட்சியமாக இருக்கிறார்கள், அதனால் ஒரு கணக்கு. தகடும் சட்டமும் சேர்ந்து 115 கிலோ. “இவ்வளவு கனம் எங்கே கவிழப்போகிறது” என்றுதான் தோன்றும். ஆனால் ஆழம் 45 செ.மீ. என்பதால் இயந்திரத்தின் எடை அதன் முன்விளிம்பிலிருந்து 22.5 செ.மீ. தள்ளித்தான் இருக்கிறது. கைப்பிடியை 190 செ.மீ. உயரத்தில் வைத்து நேராக முன்பக்கம் இழுத்தால் 14 கிலோவுக்கே முன்னால் சாயப் பார்க்கும். இது 30 கிலோ வரை இழுக்கிற இயந்திரம். ஆகவே போல்ட் போடாமல் நிறுத்தவே கூடாது. சென்னை ஃபிளாட்களில் உள்சுவர் பல இடங்களில் நாலரை இஞ்சு செங்கல் அல்லது லேசான பிளாக். அதில் சாதாரண ஆங்கர் போல்ட் பிடிக்காது. கான்கிரீட் தூண் இருக்கும் மூலையைத் தேடி, அதில் மாட்டுங்கள். எங்கள் வீட்டுத் தூண் 9 இஞ்சு அகலம்தான், இயந்திரத்தோடு வந்த, சுவரில் மாட்டும் தகட்டின் துளைகள் 40 செ.மீ. இடைவெளியில் இருந்தன. பக்கத்து வெல்டிங் கடையில் ஒரு பட்டை வெட்டி, துளைகளை நெட்டுக்குத்தாக ஒன்றன்கீழ் ஒன்று போட்டு மாட்டிக்கொண்டேன். பட்டறை இந்த இடத்தில் வாங்குபவரிடம் முன்பே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: உங்கள் வீட்டில் எந்தச் சுவர்?

சத்தம் பரவாயில்லை. தகடுகளுக்கு அடியில் இரண்டு ரப்பர் புஷ் இருக்கிறது, தரையில் கெட்டி ரப்பர் விரிப்புப் போட்டிருக்கிறேன். காலை ஆறு மணிக்குச் செய்தாலும் கீழ்வீட்டிலிருந்து புகார் வரவில்லை. துருதான் கவலை. கடற்காற்று எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியையே தின்கிறது. பவுடர் கோட்டிங் நன்றாகவே இருக்கிறது, ஆனால் குழாயின் திறந்த முனைகளுக்கு மூடி இல்லாமல் வந்தது. பிளாஸ்டிக் மூடி வாங்கி அடைத்தேன். கைடு ராடின் குரோம் பூச்சை வாரம் ஒருமுறை துடைப்பது என் வேலை.

மற்ற வகைகளையும் பார்த்துவிட்டுத்தான் எடைத் தகட்டுக்கு வந்தேன். ரப்பர் பட்டை மலிவு, மடித்து வைக்கலாம். ஆனால் இழுக்க இழுக்கக் கனம் ஏறும். தொடக்கத்தில் ஒன்றும் இருக்காது, வெயிலும் காற்றும் பட்டால் ரப்பர் வெடிக்கும். எண்ணெய் சிலிண்டர் வைத்தவை தள்ளும்போது மட்டும் எதிர்க்கும், இறக்கத்தில் பாரமே கிடையாது. அமெரிக்காவில் விற்கும் டோனல் போன்ற மோட்டார் இயந்திரங்கள் சுவரோடு ஒட்டி நிற்கின்றன, 250 பவுண்டு வரை கொடுக்கின்றன, இறக்கும்போது எடையைக் கூட்டவும் செய்கின்றன. தொழில்நுட்பமாக அது அழகு. ஆனால் மாதச் சந்தாவும், கெட்டால் எந்த மெக்கானிக்கும் தொட முடியாத மின்பலகையும் எனக்கு வேண்டாம். என் இயந்திரத்தில் எது போனாலும் பாரிமுனையில் ஒரு பேரிங் கடையிலும் ஒரு கேபிள் கடையிலும் முடிந்துவிடும்.

சின்ன இடத்துக்கு எடை இயந்திரம் செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு விண்வெளி நிலையத்தை நினைத்துக்கொள்வேன். அங்கே தகடு வைத்துப் பயனில்லை, எடையே கிடையாது. முதலில் ரப்பர் பொருத்திய வட்டுகளால் ஆன கருவி இருந்தது, அதிகபட்சம் 136 கிலோ. 2008 நவம்பரில் எண்டெவர் விண்வெளி ஓடம் கொண்டுபோன புதிய கருவியில் வெற்றிட சிலிண்டர்கள் இருக்கின்றன. 272 கிலோ வரை. பிஸ்டன் எவ்வளவு தூரம் நகர்ந்தாலும் விசை ஏறக்குறைய ஒரே அளவு. நிஜ எடைக்கு இருக்கும் நிலைமமும் (வேகம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) கையில் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுழலும் சக்கரங்களையும் சேர்த்திருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டு அவர்கள் உண்டாக்குவதை இங்கே ஒரு வார்ப்பிரும்புத் தகடு சும்மா கொடுக்கிறது. அதை உராய்வில் இழப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

யாருக்குச் சிபாரிசு செய்வேன்? முதுகு, தோள், கை, நெஞ்சுக்கு ஒழுங்காகப் பயிற்சி வேண்டும், இடம் இல்லை, வீட்டில் வெவ்வேறு வயதினர் பயன்படுத்துவார்கள் என்றால் தாராளமாக இந்த மாதிரி ஒன்றைச் செய்து வாங்குங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே பேரிங் வைத்த 90 மி.மீ. கப்பி, வார்ப்பிரும்புத் தகடு, 60 மி.மீ. தூண் என்று எழுதிக் கொடுங்கள். டெலிவரி சொன்ன தேதிக்கு வராது, அதற்குத் தயாராக இருங்கள். கேபிளின் கைப்பிடி முனையில் இருக்கும் ரப்பர் உருண்டைக்குக் கீழே உறை வெடித்திருக்கிறதா என்று அவ்வப்போது தடவிப் பாருங்கள். ஒரு இழை அறுந்தாலும் அந்தக் கேபிளைத் தூக்கிப் போடுங்கள், ஒட்டுப் போடாதீர்கள்.

இப்போது பாக்கி ஒன்றுதான். அம்மா பக்கவாட்டில் கை தூக்கும் பயிற்சியில் முதல் தகட்டிலிருந்து இரண்டாவதற்குப் போக முடியவில்லை. கையில் 2.5 கிலோ இருந்தது 5 ஆகிறது, அதாவது இரட்டிப்பு. மேல் தகட்டில் ஒரு குமிழ் வைத்து, அதன்மேல் உட்காரும் 2.5 கிலோ அரைத் தகடு ஒன்றுக்குப் பட்டறைக்காரருக்குப் படம் அனுப்பியிருக்கிறேன், கைக்கு 1.25 கிலோ படி கிடைக்கும். அச்சு தயாராகிவிட்டது, அடுத்த வார்ப்பில் ஊற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆர்டர் கொடுப்பவர்கள் அந்தக் குமிழையும் இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள். பிறகு துளையிட வேண்டுமென்றால் தகட்டைக் கழற்றிக் கோவைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.